மெஷினுக்கு நடிக்கத் தெரியாது

வீட்டுக் கதவில் 'திரைப்பட இயக்குநர்' என்று பித்தளைப் பலகை மாட்டியிருந்தாலும், சினிமாக்காரர்கள் நடுவே அவருக்கு மிக்ஸி என்றுதான் பெயர். முதல் படத்தில் ஒரு மிக்ஸி, எஜமானியம்மாளின் விரலில் ஆரம்பித்து ஒரு குடும்பத்தையே அரைத்துத் தள்ளியது. அடுத்து மின்விசிறி. அதற்கடுத்து ஓர் இஸ்திரிப் பெட்டி, பழிவாங்கும் வெறியோடு. மூன்று பேரை உள்ளே வைத்துக்கொண்டு கதவைத் திறக்க மறுத்த ஃப்ரிட்ஜ் படம் மட்டும் நாலு காட்சி கூடுதலாக ஓடியது. வந்ததெல்லாம் வெயில் தாங்காமல் தியேட்டர் குளிருக்கு ஒதுங்கியவர்கள் என்று வேண்டாதவர்கள் சொன்னார்கள்.

எல்லாப் படத்துக்கும் பொதுவாக ஒரு வியாதி இருந்தது. எவ்வளவு பயங்கரமான கட்டமானாலும், இருட்டுக்குள்ளிருந்து எவனாவது ஒருத்தன் "டேய், பிளக்கைப் புடுங்குடா!" என்று கத்துவான். அத்தோடு முடிந்தது. பாப்கார்ன் விற்பவன்கூடச் சிரிப்பான். இயக்குநர் இந்தக் குரலோடு வருஷக்கணக்காக மல்லுக்கு நின்றார். மின்விசிறியை பேட்டரியில் ஓடவிட்டுப் பார்த்தார். "பேட்டரியைக் கழட்டுடா" என்றது குரல்.

தியேட்டரில் வாங்கியதையெல்லாம் மேடையில் அவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். அன்றைக்கு மதியமும் அப்படித்தான், ஒரு திரைப்படச் சங்கத்துக் கூட்டம். பாதி நாற்காலியில் ஆட்கள், மீதி நாற்காலியில் அவர்களுடைய பைகள்.

"இயந்திரம் என்பது இயந்திரம் அல்ல" என்றார் இயக்குநர். முன்வரிசையில் ஒருவர் எழுதிக்கொள்ளும்வரை நிறுத்தினார். "மனிதன் தன் பயத்துக்குச் செய்து கொடுத்த உலோக உடம்பு. நாம் அதைப் பார்க்கவில்லை. அது நம்மைப் பார்க்கிறது."

அப்போது சட்டைப் பையில் செல்போன் துடித்தது. அக்கா. எடுக்காமல் விட்டால் மறுபடி, மறுபடி அடிப்பாள். மேடையோரம் போய்க் குனிந்து, "என்னக்கா, கூட்டத்துல இருக்கேன்" என்றார்.

"இருந்துக்கோ. அப்பா பிளக்கைப் புடுங்கிட்டாரு."

"எந்தப் பிளக்கை?"

"எந்தப் பிளக்கா? மூச்சு மெஷின் பிளக்கைடா! நேத்து உன் படம் பார்த்தாரில்ல, அப்ப புடுங்கினவருதான். ராத்திரி பூரா மாஸ்க் போடலை. கேட்டா, அது ஆளைக் கொல்லும், நான் கண்ணால பார்த்தேன்கிறாரு. உதடெல்லாம் கறுத்துப் போச்சு. வந்து தொலை."

அதைக் கேட்டதும் இயக்குநரின் நெஞ்சில் முதலில் வந்தது என்ன என்பதைச் சொல்லத்தான் வேண்டும். வந்தது சந்தோஷம். கண்மூடித் திறக்கும் நேரத்துக்குத்தான். ஆனால் கலப்படமில்லாத சந்தோஷம். இத்தனை வருஷத்தில் அவர் படத்தைப் பார்த்து நிஜமாகவே பயந்த ஓர் ஆத்மா கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் அது அப்பா என்பது உறைத்தது. உறைத்ததும் பயந்து, மைக்கில் மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடினார். தனிப்பட்ட துயரம் என்று நினைத்துக் கூட்டம் எழுந்து நின்றது. அதையும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டுதான் ஓடினார்.

அப்பாவுக்கு நுரையீரல் போய் மூன்று வருஷமாகிறது. உள்ளே இழுத்த காற்றை முழுசாக வெளியே தள்ள உடம்பில் தெம்பில்லை. கெட்ட காற்று உள்ளேயே தங்கி ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். அதைத் தள்ளுவதற்குத்தான் அந்த மெஷின். ரொட்டிப் பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதிலிருந்து நெளிநெளியாக ஒரு குழாய், குழாய் முடிவில் மூக்கையும் வாயையும் மூடுகிற மாஸ்க். மதியம் கொஞ்ச நேரம், ராத்திரி முழுக்க. மாஸ்க் போடாமல் ஓரிரு நாள் தாக்குப் பிடிக்கலாம். பிறகு தூக்கம் தூக்கமாக வரும், பேச்சு குழறும். அப்புறம் ஆஸ்பத்திரியில் தொண்டைக்குள் குழாய் இறக்க வேண்டும். "இந்த வயசுல குழாயை விட்டுடலாம், திரும்ப எடுக்கறதுதான் என் கையில இல்லை" என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்.

இயக்குநரின் கடைசிப் படம் இந்த மெஷினைப் பற்றியது. பெயர், 'அடுத்த மூச்சு உன்னுடையதல்ல'. கை கால் விழுந்து படுத்திருக்கும் ஒரு பெரிய மனிதரை அவருடைய மூச்சு மெஷினே கொல்கிறது. தியேட்டரில் வந்த வேகத்தில் போய்விட்டது. வீட்டு மனிதர்கள் ஒருத்தரும் பார்க்கவில்லை என்கிற மனத்தாங்கலில்தான் முந்தின நாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்கு வந்து, அப்பாவின் அறையிலிருந்த டிவியில் அவரே படத்தைப் போட்டுவிட்டுப் போனார். அக்கா வேண்டாம் என்றாள். "கலையைப் பூட்டி வெக்கக் கூடாதுக்கா" என்றார். கூட இருந்து பார்க்க நேரமில்லை, முக்கியமான ஒரு சந்திப்பு என்று கிளம்பினார். சந்திப்பு சலூனில். மறுநாள் மேடை இருந்ததே.

அக்காவின் வீடு மாடியில் இருந்தது. படியேறும்போதே அப்பாவின் இழுப்புச் சத்தம் கேட்டது. ஜன்னலோர நாற்காலியில், இரண்டு முழங்கையையும் கைப்பிடியில் ஊன்றி, தோளைத் தூக்கித் தூக்கி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். உதடு சிலேட்டுப் பலகை நிறத்தில் இருந்தது. மெஷினைக் காணோம். வயரைச் சுற்றி, குழாயை மடித்து, மொத்தத்தையும் அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டிருந்தார்.

"வாங்க டைரக்டர் சார்" என்றாள் அக்கா. "படம் சூப்பர் ஹிட்."

இயக்குநர் அப்பாவின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தார். கையைப் பிடித்துக்கொண்டார். சில்லென்று இருந்தது. வாயைத் திறந்தவர் கேட்டது இது:

"எந்த சீன்ல பயந்தீங்கப்பா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "நாசமாப் போச்சு! விமர்சனம் கேக்கற நேரமாடா இது?"

அப்பா கோபப்படவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது அவர் வழக்கம். நாலு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று சேர்த்துச் சேர்த்துச் சொன்னார். "அந்த ஆள் செத்தானே... அப்ப. அது நம்ம மெஷின்."

"அதே மாதிரி மெஷின்ப்பா. கடையில ஆயிரம் இருக்கும்."

"என் ஸ்டிக்கர் இருந்துச்சு."

இயக்குநர் கையை விட்டுவிட்டார்.

அப்பா வேலையில் இருந்த காலத்தில் தராசுகளைச் சோதித்து முத்திரை போடும் ஆய்வாளர். கடை கடையாகப் போய், படிக்கல்லையும் தராசையும் சரிபார்த்துக் குத்து முத்திரை குத்துகிற உத்தியோகம். ஓய்வுபெற்ற பிறகு குத்துவதற்குத் தராசு கிடைக்காததால் வீட்டுச் சாமான்களின் மேல் பாய்ந்தார். சுவர்க் கடிகாரம், காய்ச்சல் பார்க்கும் கருவி, கேஸ் அடுப்பு, அக்காவின் தையல் மெஷின் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சோதித்து, திருப்தியானதும் 'சரி' என்று பச்சை மையால் எழுதிய வட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவார். மூச்சு மெஷினை மூன்று வாரம் கவனித்த பிறகுதான் ஒட்டினார்.

படப்பிடிப்பின்போது கலை இயக்குநர் தெர்மாகோலில் செய்துகொண்டு வந்த மெஷின் பிறந்தநாள் கேக் மாதிரி இருந்தது. அப்பா அந்த வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். மெஷின் வீட்டில் சும்மா கிடந்தது. இயக்குநர் அக்காவிடம், "சர்வீஸுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லி எடுத்துப்போய், படமெடுத்து, துடைத்து, அப்பா வீடு திரும்புவதற்குள் பழைய இடத்தில் வைத்துவிட்டார். ஸ்டிக்கரைக் கிழிக்க அவருக்குத் தோன்றவில்லை. நெருக்கக் காட்சியில் அந்தப் பச்சை வட்டம் பார்க்க நிஜமாக இருக்கிறது என்று கேமராக்காரர் பாராட்டவேறு செய்தார்.

"சர்வீஸா?" என்றாள் அக்கா இப்போது. "கொலை பண்ணப் போயிருந்துச்சா?"

"அக்கா, சும்மா இரு. அப்பா, நம்ம மெஷின்தான். ஒத்துக்கறேன். ஆனா அது நடிப்பு. அந்த ஆளும் நடிச்சான், மெஷினும்..."

"ஆளு நடிப்பான்" என்றார் அப்பா. மூச்சு வாங்கினார். "மெஷினுக்கு நடிக்கத் தெரியாது."

இயக்குநர் மேடையில் எத்தனையோ கேள்விகளை மடக்கியவர். இங்கே அப்பாவின் கையை மறுபடி எடுத்துத் தேய்த்துவிட்டார்.

"நான் சரின்னு ஒட்டின மெஷின். வெளிய போயி... ஒரு ஆளைக் கொன்னுட்டு... திரும்பி வந்து... என் மூஞ்சியில மாட்டியிருக்கு. எத்தனை மாசமா... அதைப் போட்டுட்டுத் தூங்கியிருக்கேன்."

"வேற மெஷின் வாங்கிடலாம்ப்பா. புதுசு. இன்னைக்கே."

"அது இன்னும் செய்யலை. இது செஞ்சிருச்சு. அவ்வளவுதான் வித்தியாசம்."

"அப்ப ஆஸ்பத்திரிக்காவது வாங்க."

"அங்க மட்டும்... என்ன மாட்டுவாங்க?"

இயக்குநர் தன் வித்தைகளை அவிழ்த்துக் கொட்ட ஆரம்பித்தார். மெஷின் உறுமும் சத்தம், லாரி டயரிலிருந்து காற்றை இறக்கியது. அதன் திரையில் சிவப்பாக ஓடிய எண்கள், கம்ப்யூட்டரில் ஒட்டியது. குழாய் பாம்பு மாதிரி நெளிந்தது நூல் கட்டி இழுத்தது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவருக்கே தன் படத்தின் மேலிருந்த மரியாதை போய்க்கொண்டிருந்தது. தையல் பிரிந்த தலையணை மாதிரி, கையில் பஞ்சுதான் மிஞ்சியது. அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். டயர், சரி. நூல், சரி. கடைசியில் கேட்டார்:

"அந்த ஆள் முகம் நீலமாச்சே. கண்ணு பிதுங்குச்சே. அது?"

இயக்குநர் தயங்கினார். படத்தைக் கிழித்துத் தொங்கவிட்ட அத்தனை பேரும் அந்த ஒரு காட்சியை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள். 'கடைசி மூச்சுத் திணறலில் மட்டும் ஓர் உண்மை இருக்கிறது' என்று ஒரு பத்திரிகை எழுதியது. அந்த வரியை வெட்டிப் பர்ஸில் வைத்திருந்தார். அதையும் மேக்கப் என்று சொல்லிவிட்டால் அவர் வாழ்க்கையில் மிச்சம் எதுவுமில்லை. மேக்கப் இல்லை என்று சொன்னால் அப்பா மாஸ்க்கைத் தொடமாட்டார்.

"நடிப்புப்பா" என்றார் நடுவாக.

"கடைக்காரங்க என் முன்னாடி நடிச்ச நடிப்பு... எவ்வளவு பார்த்திருக்கேன்" என்றார் அப்பா. "அது நடிப்பில்லை." கண்ணை மூடிக்கொண்டார்.

இந்த நேரத்தில் தயாரிப்பாளர் போன் பண்ணினார். ஓடுகிற அவசரத்திலும் இயக்குநர் சங்கச் செயலாளரிடம் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்; அது தயாரிப்பாளர்வரை போயிருந்தது. "சார், உங்கப்பா படத்தைப் பார்த்துப் பயந்து படுத்துட்டாராமே! நிஜமாவா? ஒரே ஒரு ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி வீடியோ எடுங்க சார். ஊரே பேசும். தியேட்டர்காரன் கால்ல விழுவான்."

"என்ன சார் பேசறீங்க, எங்கப்பா சார் அவரு" என்று சீறிவிட்டு இயக்குநர் போனை வைத்தார். வைத்தது எங்கே என்றால், டிவி மேசையில், தண்ணீர் ஜாடியில் சாய்த்து, கேமராக் கண் நாற்காலியைப் பார்க்கும்படி. சும்மா, ஒரு ஞாபகத்துக்கு. அக்கா வந்து போனைக் குப்புறக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அப்பாவுக்குத் தூக்கம் சொக்க ஆரம்பித்தது. டீ டம்ளரைக் கையில் வாங்கியவர் அப்படியே கண்ணயர்ந்து, மடியில் கொட்டிக்கொண்டார். அக்காவை அவளுடைய அத்தை பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அக்கா சமையலறைக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்து தம்பியின் சட்டையைப் பிடித்தாள்.

"எனக்குத் தெரியாது. செத்தவன் உயிரோட இருக்கான்னு காட்டு. அந்தாளைக் கூட்டிட்டு வா."

அந்த ஆளுக்கு சினிமாவில் பொணம் என்று பெயர். எந்தப் படத்திலும் கடைசிவரை உயிரோடு இருந்ததில்லை. வெள்ளத்தில் மிதந்திருக்கிறார், தண்டவாளத்தில் கிடந்திருக்கிறார், பாடையில் மட்டும் நாற்பது படம். மூச்சை அடக்கிக்கொண்டு அவர் மாதிரி கிடப்பதற்கு ஆளில்லை என்று பெயர். 'அடுத்த மூச்சு' படத்தில்தான் முதல்முறையாக, சாவதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் உயிரோடு நடித்தார். அந்த நன்றி அவருக்கு இயக்குநரிடம் உண்டு. கூப்பிட்ட அரை மணியில், இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு பை ஆரஞ்சுமாக வந்து நின்றார்.

"ஐயா, வணக்கம். நான்தான் செத்தது" என்றார்.

அப்பா கண்ணைத் திறந்தார். நெடுநேரம் பார்த்தார். கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்து, நாடியில் விரலை வைத்தார். சோதிக்காமல் அவர் எதையும் ஒப்புக்கொள்வதில்லை. நாடி துடித்தது. அப்பாவின் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது.

"பாருங்கப்பா" என்றார் இயக்குநர். "குத்துக்கல்லு மாதிரி இருக்கார். மெஷின் எதுவும் பண்ணலை. சொல்லுங்க சார், எதுவும் ஆகலைன்னு சொல்லுங்க."

பொணம் சிரித்தார். இத்தனை வருஷத்தில் அவருடைய நடிப்பைப் பற்றிப் பேச ஒருத்தர் கூப்பிட்டிருப்பது இதுதான் முதல் தடவை. அவ்வளவு சுலபமாக, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லிவிட்டுப் போக அவருக்கு மனமில்லை.

"ஆகலைன்னு எப்படி சார் சொல்றது? போய்ட்டுத் திரும்பி வந்தேனே!" நாற்காலியை அப்பா பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயா, மூச்சை அடக்கறது எனக்குத் தண்ணி பட்ட பாடு. ஆனா திணறணுமே, அது வரலை. பத்துத் தடவை எடுத்தாங்க. சார் திட்டினாரு பாருங்க, பொணத்துக்குச் சாகத் தெரியலையேன்னு. அப்புறம்தான் சார் ஒரு யோசனை பண்ணாரு. என்ன மூளை! மாஸ்க்ல காத்து வெளிய போறதுக்குச் சின்னச் சின்ன ஓட்டை இருக்கும் பாருங்க, அதை டேப் போட்டு அடைச்சாரு. பட்டையை இறுக்கினாரு. கட்டிலுக்கு அடியில அவரே போய்ப் படுத்து..."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார் இயக்குநர்.

"சொல்லட்டும்" என்றார் அப்பா.

"படுத்து, குழாயைக் கையால மடிச்சுப் புடிச்சாரு! மெஷின் பாவம், தள்ளு தள்ளுன்னு தள்ளுது, காத்து வந்தாத்தானே? எனக்குக் கதையில கை கால் வராது, அசைக்கக் கூடாது. முடியலைன்னா பாதத்தால கட்டில் கட்டையைத் தட்டுங்க, விட்டுடறேன்னு சார் சொல்லியிருந்தாரு. தட்டினேன். நல்லாவே தட்டினேன். சார் விடலை." குரலில் குறையே இல்லை, பெருமைதான். "அப்புறம் கண்ணு இருட்டிச்சு. முழிச்சுப் பார்த்தா எல்லாரும் கை தட்டறாங்க. சார் என்னைக் கட்டிப்புடிச்சு அழுதாரு. அந்த அழுகைக்கே சாகலாம், ஐயா."



"தட்டினது உனக்குக் கேக்கலையா?" என்று அப்பா மகனைக் கேட்டார்.

இயக்குநருக்குக் கேட்டிருந்தது. கேட்டது மட்டுமல்ல, கட்டிலுக்கு அடியில் அவர் தலைக்கு நேர் மேலே பலகை அதிர்ந்ததையும் பார்த்தார். கட்டிலுக்கு மறுபக்கம் சிறிய திரை ஒன்றில் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. அதில் தெரிந்த முகம் அவர் வாழ்நாளில் எடுத்த எதையும்விட நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கை தானாக இறுகியது. பின்னால் இதை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கலைக்காக என்று சொல்லியிருப்பார். கைதட்டும் கிடைத்திருக்கும்.

"நடிக்கறார்னு நினைச்சேன்ப்பா."

அப்பா அவர் முகத்தைப் பார்த்தார். இரண்டு தட்டும் ஆடி நின்று, முள் நடுவுக்கு வரும்வரை காத்திருக்கிற பார்வை. பிறகு சட்டைப் பைக்குள் விரலை விட்டு, அலமாரிச் சாவியை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"எடுத்துட்டு வா. மாட்டு."

அக்கா சாவியை வாங்கினாள். "மெஷினையாப்பா?"

"அது மேல தப்பில்லை. தள்ளிக்கிட்டுத்தான் இருந்திருக்கு." மூச்சு முட்டியது, ஆனாலும் விடாமல் பேசினார். "தராசு தப்பாக் காட்டினா... முதல்ல தராசைச் சந்தேகப்படக் கூடாது. தட்டுக்கு அடியில... யார் விரல் இருக்குன்னு பார்க்கணும். ஆயுசு பூரா அதைத்தான் செஞ்சேன். இதுக்கு மட்டும்... குனிஞ்சு பார்க்கத் தோணலை."

மெஷின் வந்தது. கட்டில் பக்கத்தில் முக்காலியில் வைத்தாள். அப்பாவைப் பொணம்தான் ஒரு பக்கம் தாங்கிக் கட்டிலுக்குக் கொண்டுவந்தார். இயக்குநருக்கு அழுகை வந்தது. நிம்மதியும் அவமானமும் ஒன்றாகப் பிசைந்த அழுகை. மாஸ்க்கின் பட்டையை அப்பாவின் தலைக்குப் பின்னால் மாட்டிவிட அவர் கையை நீட்டினார். இத்தனை நாளும் அவர் வரும்போதெல்லாம் அந்த வேலை அவருடையதுதான்.

அப்பா அந்தக் கையைப் பிடித்தார். பிடித்து, மெல்ல, ஒரு சாமானை நகர்த்தி வைக்கிற மாதிரி ஓரமாக வைத்தார்.

"நீ அந்தப் பக்கம் போ."

அக்கா மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். மெஷின் ஒருமுறை முனகிவிட்டு, ஒரே சீராகத் தள்ளவும் நிறுத்தவுமாக வேலையைப் பார்க்க ஆரம்பித்தது. அப்பாவின் நெஞ்சு முதலில் எதிர்த்தது, பிறகு இணங்கியது. மதியத்துக்குள் உதட்டில் பழைய நிறம் எட்டிப் பார்த்தது. அக்காவை அவளுடைய பெயர் சொல்லியே கூப்பிட்டார். டாக்டர் வந்து விரல் நுனியில் கருவி மாட்டிப் பார்த்துவிட்டு, தப்பித்தார் என்றார்.

அப்பா தப்பித்தார். அதில் குறையில்லை. இயக்குநருக்குத்தான் அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. அவர் அறைக்குள் நுழைந்தால் அப்பா மாஸ்க்கைக் கழற்றிவிடுவார். சண்டையில்லை, கோபமில்லை. "வா, சாப்பிட்டியா, வேலை எப்படிப் போகுது" என்று கேட்பார். ஆனால் பட்டையை அவிழ்த்து, மாஸ்க்கைத் தலையணைக்கு அந்தப்புறம் வைத்து, குழாயைத் தன் போர்வைக்குள் இழுத்துக்கொண்ட பிறகுதான் கேட்பார். மகன் கிளம்பும்வரை சொந்த மூச்சில் கஷ்டப்பட்டுக்கொண்டே பேசிக்கொண்டிருப்பார். பொணம் வாரத்துக்கு இரண்டு நாள் ஆரஞ்சோடு வருகிறார். அவருக்குத் தடையில்லை. மெஷினில் தண்ணீர் ஊற்றுவதுகூட இப்போது அவர்தான்.

"கொஞ்ச நாள்ல மறந்துடுவாரு" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஒரு மதியம் இயக்குநர் வந்திருந்தார். தயாரிப்பாளர் அடுத்ததாக ஒரு லிஃப்ட்டை வைத்துப் பண்ணலாம் என்று சொன்னதையும், தான் முடியாது என்று சொல்லிவிட்டதையும் அப்பாவிடம் சொல்ல ஆசைப்பட்டு வந்தார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவின் தோள் தூக்க ஆரம்பித்துவிட்டது. உதடு நிறம் மாறியது. மாஸ்க் தலையணைக்கு அந்தப்புறமே கிடந்தது.

அக்கா கதவருகே வந்து நின்றாள். "டேய், நேரமாகுதுடா அவருக்கு" என்றாள் தாழ்ந்த குரலில். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நான் ஹால்ல உக்காந்துக்கறேன்க்கா. கதவைச் சாத்திடு."

"ஹால்ல இருந்தாலும் போட மாட்டேங்கறாரு. போன வாரம் பார்த்தியே."

இயக்குநர் எழுந்தார். "வரேன்ப்பா" என்றார். அப்பா தலையசைத்தார். பார்த்துப் போகச் சொன்னார். படியில் வெளிச்சம் பத்தாது என்றார்.

வாசல் கதவு பின்னால் மூடிக்கொண்டது. செருப்பை மாட்டிக்கொண்டு அவர் மாடிப்படியின் முதல் படியிலேயே நின்றார். மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டால் போகலாம், அதைக் கேட்காமல் போக மனம் வரவில்லை. கதவுக்கு உள்ளே அக்காவின் குரல் கேட்டது.

"போயிட்டாம்ப்பா. போட்டுக்குங்க."

மெஷின் சத்தம் வரவில்லை. பிறகு அப்பாவின் குரல், இரண்டு இழுப்புக்கு நடுவில்:

"படியில... சத்தமே கேக்கலையே."

இயக்குநர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். பிறகு, மாடிக்கு நன்றாகக் கேட்கும்படி, ஒவ்வொரு படியாக அழுத்தி மிதித்து இறங்கத் தொடங்கினார்.